போர்டில் தெரிந்த மரம்

தலைமை ஆசிரியர் அறையில் வைத்து என் மகளை அடித்தேன். ஒரு அடிதான். கன்னத்தில்.

இதை எழுதாமல் இந்த வாரத்தைத் தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

இசக்கி அழவில்லை. கையில் இருந்த தாளை மேசைமேல் வைத்தாள். மடங்கிப்போயிருந்த அதன் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள். பிறகு சுவரைப் பார்த்து நின்றாள். அந்தச் சுவருக்குச் சந்தனக் கலர் அடித்ததும் நான்தான்.

அறையில் பினாயில் வாடை. மேசையில் பாதி குடித்த காப்பி, அதன்மேல் ஆடை. மேலே மின்விசிறி டக் டக் என்று சுற்றியது. கணக்கு சார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைமை ஆசிரியர் மட்டும் என்னைப் பார்த்து, போதும் என்பதுபோல் தலையை ஆட்டினார். நான் ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி.



பெயிண்டர் என்ற முறையில் இந்தப் பத்தியில் இதுவரை எழுதிய வாரங்களில் கட்சிச் சுவர், கோயில் கொடைத் திருவிழா வளைவு, கல்யாண வீடு என்று சுற்றிவந்தேன். பேட்டையில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். எல்லா வாரமும் சுவரையே எழுதுகிறீரே, சுவருக்கு உள்ளே ஒன்றும் நடக்கவில்லையா என்று. நடந்தது, அண்ணாச்சி. இதுதான்.

மூன்று நான்கு வருஷம் இருக்கும். பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதவில்லை. பத்தமடைக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி இருக்கிறது. அது போதும்.

மிச்சம் இருந்த கருப்பு

கோடை விடுமுறையில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முழுவதும் பெயிண்ட் அடித்தேன். மேலிடத்தில் இருந்து அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று பேச்சு. கேட்டுக்குக் கருப்பு எனாமல். வகுப்புக்கு வெளிர் நீலம். கடைசியாக வகுப்புப் போர்டுகள்.

சிமெண்ட் போர்டு. சுவரிலேயே பூசியது. அதற்கென்று ஒரு பெயிண்ட் உண்டு. காய்ந்தால் மினுங்காது. கரிச்சட்டி மாதிரி செத்துக் கிடக்கும். அப்படிக் கிடந்தால்தான் சாக்பீஸ் எழுத்து தெரியும்.

தலைமை ஆசிரியர் வந்தார். கேட்டுக்கு அடித்த கருப்பு எவ்வளவு மிச்சம் என்று கேட்டார். ரெண்டு டப்பா என்றேன். அதையே அடி என்றார்.

அது மினுங்கும் சார் என்று சொன்னேன்.

"மினுங்கட்டும்வே. வாரவங்க பாத்ததும் பளிச்சின்னு இருக்க வேண்டாமா? அழியாமலும் கெடக்கும்லா."

ஒரு தடவைதான் சொன்னேன். ரெண்டாம் தடவை சொல்லவில்லை. வேலை கொடுக்கிறவர் கலரைச் சொல்வார், நாம் அடிப்போம். என் தொழிலில் அதுதான் பழக்கம். மாம்பழ மஞ்சளும் ரோஜாவும் ஒரே சுவரில் கேட்பார்கள். அதையும் அடித்திருக்கிறேன்.

ரெண்டு கோட் அடித்தேன். காய்ந்ததும் என் முகம் தெரிந்தது. துண்டால் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நின்றுதான் பார்த்தேன். உட்கார்ந்து பார்க்கவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். புது மாதிரி திறன் பலகை வைத்த அறையை அன்றைக்குப் பூட்டுத் திறந்து காட்டினார்கள். அவர்கள் போனதும் பூட்டினார்கள். வகுப்புப் போர்டுகளையும் பார்த்து, பிரமாதம் என்று சொன்னார்களாம். அந்தச் சொல் ஆற்றைத் தாண்டிப் போனது. அங்கே இருந்த வேறு மூன்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு, அங்கே அடித்த மாதிரியே அடி என்றார்கள்.

அடித்தேன். பெருமையாகத்தான் அடித்தேன்.

கோவை இலை

இங்கே ஒரு பழைய கதை.

நான் படித்தது ஐந்து வரை. எங்கள் வாத்தியாருக்கு நான் லாயக்கான வேலை ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போர்டுக்குக் கரி பூசுவது.

வேலியில் கோவை இலை பறிப்போம். வீட்டில் இருந்து அடுப்புக்கரி. ரெண்டையும் வைத்து அரைத்து, துணியில் தொட்டுப் போர்டில் தேய்க்க வேண்டும். பச்சை வாடை கையை விட்டுப் போக ரெண்டு நாள் ஆகும். சோற்றில் அந்த வாடை அடிக்கும். மற்ற பையன்கள் வரிவரியாகத் தேய்ப்பார்கள். நான் தேய்த்தால் ஒரே சீராக இருக்கும். திங்கட்கிழமை வாத்தியார் சாக்பீஸை வைத்தால் எழுத்து எழும்பி நிற்கும்.

மினுக்கம் இருந்தால் காது திருகுவார். "ஏலே, இது என்ன போர்டா, மொகம் பாக்க கண்ணாடியா?"

அதாவது, பத்து வயசிலேயே எனக்குத் தெரியும். போர்டு மினுங்கக் கூடாது. தெரிந்தும் அடித்தேன். தெரியாதவன் செய்தால் தப்பு. தெரிந்தவன் செய்தால் அதற்கு வேறு பெயர்.

ஐந்தாவது முடிந்ததும் அந்த வாத்தியார் என் அப்பாவிடம் சொன்னார். இவனுக்குப் படிப்பு ஏறாது, ஒரு தொழிலில் விடு என்று. அப்பா தலையை ஆட்டினார். மறு திங்கட்கிழமை நான் சுண்ணாம்பு வாளி தூக்கினேன்.

எனக்கு நிஜமாகவே ஏறவில்லையா, யாரும் ஏற்றவில்லையா, தெரியாது. இனிமேல் கேட்கவும் ஆள் இல்லை. வாத்தியாரும் இல்லை, அப்பாவும் இல்லை.

மெல்லக் கற்போர்

இசக்கி ஒன்பதாவது வரை கணக்கில் நல்ல மார்க். அவளுக்குக் கணக்கு என்றால் ஒரு பிடிப்பு. என் வீட்டுக்காரி பீடி சுற்றுவாள். எத்தனை கட்டு, எத்தனை கழிவு என்று இசக்கி வாயாலேயே சொல்லுவாள். தாள் எடுக்க மாட்டாள்.

பத்தாவதில் வகுப்பு மாறியது. நான் எனாமல் அடித்த வகுப்பு. அவள் உயரம். உயரமான பிள்ளைகளைக் கடைசியில் உட்கார வைப்பார்கள். பெண் பிள்ளைகள் சுவர் பக்கம். எதிர்ப் பக்கம் பையன்கள், அவர்களுக்குப் பக்கத்தில் மேற்கே பார்த்த சன்னல். மதியத்துக்கு மேல் கணக்கு வகுப்பு.

காலாண்டில் கணக்கில் விழுந்தாள்.

கணக்கு சார் என்னைக் கூப்பிட்டுவிட்டார். பாளையங்கோட்டையில் இருந்து பைக்கில் வருகிறவர். நல்ல மனுஷன் என்றுதான் பெயர். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பிள்ளைகளை அடிக்க மாட்டார். பள்ளிக்கூடம் கொடுக்கிற சாக்பீஸ் இப்போது வழுக்குகிறது என்று சொந்தமாக வேறு சாக்பீஸ் வாங்கி வந்து எழுதுவார். சாக்பீஸ் ஏன் வழுக்குகிறது என்று அவரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

உங்கள் பிள்ளை எழுதிப்போடுவதைப் பார்த்து எழுத மாட்டேன் என்கிறாள், முன்னால் இருக்கிற பிள்ளையின் நோட்டை எட்டி எட்டிப் பார்க்கிறாள் என்றார். கண் சரியில்லையோ என்றும் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நாள் வேலை போனது. கடைசி வரி பொடி எழுத்து வரைக்கும் இசக்கி வாசித்தாள். கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தச் சீட்டைக் கொண்டுபோய் சாரிடம் கொடுத்தேன். அவர் முகம் மாறியது.

"அப்போ கண்ணுல கோளாறு இல்ல. மனசுலதான் கோளாறு. ஆர்வம் இல்ல வேலாயுதம், ஆர்வம் இல்ல."

மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் இசக்கியைச் சேர்த்தார்கள். பெண் பிள்ளைகளில் ஏழு பேர். ஏழு பேரும் சுவரோரம் கடைசி ரெண்டு பெஞ்சு.

ஏழு பேரும் ஒரே மூலையில் எப்படி மக்காய்ப் போனார்கள்? எந்த நோயும் அப்படி பெஞ்சு பார்த்து வராது. கேட்டிருக்க வேண்டும். படித்தவர்கள் கேட்கவில்லை. படிக்காத நானும் கேட்கவில்லை.

பெயர் எழுத வேண்டாம்

பிறகு அந்தத் தாள்கள் வந்தன.

மேலிடத்தில் இருந்து அனுப்பியது. ஆசிரியருக்கு ஒரு தாள், பிள்ளைகளுக்கு ஒரு தாள். ரெண்டிலும் அதே கேள்விகள். வகுப்பறை எப்படி இருக்கிறது, போர்டு எப்படி இருக்கிறது, பாடம் புரிகிறதா, படிக்க ஆர்வம் இருக்கிறதா. மிக நன்று, நன்று, பரவாயில்லை, சரியில்லை என்று கட்டம். கடைசியில் சொந்தமாக எழுத ரெண்டு வரி இடம்.

பிள்ளைகள் தாளில் மேலேயே அச்சடித்திருந்தது, பெயர் எழுத வேண்டாம் என்று.

பிள்ளைகள் அதை நம்பினார்கள்.

தாள்களை அனுப்புவதற்கு முன்னால் தலைமை ஆசிரியர் எல்லாவற்றையும் வாசித்தார். ஒரு தாளைத் தனியாக எடுத்தார். வகுப்பு நோட்டுகளை வரவழைத்து, கையெழுத்தை ஒத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். ஒரு பிள்ளை என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்க அவருக்கு நேரம் இல்லை. யார் எழுதியது என்று பார்க்க ஒரு மதியம் முழுக்க இருந்திருக்கிறது.

வேலை இடத்துக்கு ஆள் அனுப்பினார். கையில் பெயிண்டோடு போனேன்.

அறையில் இசக்கி நின்றாள். கணக்கு சாரும் இருந்தார். தலைமை ஆசிரியர் அந்தத் தாளை அவள் கையில் கொடுத்து, உங்கப்பாவுக்கு வாசித்துக் காட்டு என்றார்.

அவள் வாசித்தாள். குரல் நடுங்கவில்லை.

"கடைசி பெஞ்சில் இருந்து போர்டு தெரியவில்லை. வந்து உட்கார்ந்து பார்க்கவும்."

அவ்வளவுதான். ரெண்டே வாக்கியம். போர்டு என்ற இடத்தில் சரியில்லை என்று டிக். ஆர்வம் என்ற இடத்தில் மிக நன்று என்று டிக்.

தலைமை ஆசிரியர் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். "பாத்தேரா? வந்து உக்காந்து பாக்கணுமாம். யாரு? நாங்க. இவளுக்கு."

கணக்கு சார் எழுதிய தாளும் மேசையில் கிடந்தது. அவரே எடுத்து எனக்குச் சொன்னார். மனசு நொந்துதான் சொன்னார், நடிப்பு இல்லை. வகுப்பறை மிக நன்று. போர்டு மிக நன்று. மாணவர் ஆர்வம் சரியில்லை. காரணம் என்ற இடத்தில், பெற்றோர் படிக்காதவர்கள், அக்கறை இல்லை.

"இருவது வருசமாப் பாடம் எடுக்கேன். ஒரு புள்ளகூட போர்டு தெரியல்லன்னு எழுதுனது கெடையாது. இத்தனைக்கும் அந்த போர்டு நீங்க அடிச்சது வேலாயுதம். அதுல போய் கொற சொல்லுதா."

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையைச் சொல்கிறாள். அதிகாரி பிரமாதம் என்று சொன்ன வேலையை, இத்தனை பேர் முன்னால், நான் பெற்ற பிள்ளை.

அப்போதுதான் அடித்தேன்.

ஒழுக்கத்துக்காக அடித்தேன், படிப்புக்காக அடித்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் நம்புவார்கள். பொய். என் பெயிண்டுக்காக அடித்தேன்.

கையெழுத்து

தலைமை ஆசிரியர் டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்தது. என் சொந்த விருப்பத்தின் பேரில் என் மகளை நிறுத்திக்கொள்கிறேன் என்று. தனித்தேர்வராகப் பரீட்சை எழுதட்டும் என்றார். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் நேரம். ஏழு பேர் விழுந்தால் பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி என்ன ஆகும் என்று கேட்டார். மற்ற ஆறு பேர் வீட்டுக்கும் சொல்லி அனுப்பியிருந்தாராம்.

"இவளுக்குப் படிப்பு ஏறாது வேலாயுதம். ஒரு தையல் கிளாஸ்ல விடும்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் கோவை இலை வாடை அடித்தது. நிஜமாகவே அடித்தது.

என் அப்பா தலையாட்டிய மாதிரி நானும் ஆட்டப் பார்த்தேன். கழுத்து கொஞ்சம் அசைந்தும்விட்டது.

நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாய்க்கால் பாலம் வரைக்கும் இசக்கி எனக்குப் பத்தடி பின்னால் வந்தாள். பாலத்தில் நின்று கேட்டேன்.

"ஏட்டி, நான் அடிச்ச போர்டுல என்ன கொற?"

அவள் வாய்க்காலைப் பார்த்தாள். ரெண்டாவது தடவை கேட்டேன்.

"ஒங்க வேலன்னுதான் வீட்டுல சொல்லல. பேரு எழுத வேண்டாம்னு போட்டிருந்துச்சு. அதான் எழுதுனேன்."

எத்தனை மாசமாக அதை எனக்காக மூடி வைத்திருந்தாள்? காலாண்டுப் பரீட்சையில் தோற்கும் அளவுக்கு. கேட்கத் துணிவு வரவில்லை. அவள் கன்னத்தில் என் விரலில் இருந்த நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டில் அவள் அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு எனக்கு மட்டும் சோறு போடவில்லை.

கடைசி பெஞ்சு

மறுநாள் மதியம் போனேன். வேலைக்குப் போகவில்லை.

தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். நேரே வகுப்பு வாசலில் போய் நின்று, உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்று சாரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். வாங்க, உங்கள் பிள்ளை லட்சணத்தை நீங்களே பாருங்கள் என்றார்.

கடைசி பெஞ்சுக்குப் போனேன். பிள்ளைகள் ஒதுங்கி இடம் விட்டார்கள். இசக்கி ஓரத்துக்கு நகர்ந்தாள். முட்டி உள்ளே நுழையவில்லை. ஒருக்களித்து உட்கார்ந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன்.

போர்டு இல்லை.

அந்த இடத்தில் சன்னல் இருந்தது. கம்பி இருந்தது. கம்பிக்குப் பின்னால் வெளியே நிற்கிற புங்க மரம் இருந்தது. காற்றுக்கு இலை ஆடியது, அதுகூடத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை வெயில். சார் கையைத் தூக்கி வெயிலுக்குள் ஏதோ எழுதினார். கை போனது, வந்தது. எழுத்து இல்லை. சாக்பீஸ் கிறீச் கிறீச் என்ற சத்தம் மட்டும்.

தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தேன். வலப்பக்கம் சாய்த்தேன். எட்டி முன் பெஞ்சுப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் உறைத்தது, இதைத்தான் என் மகள் தினமும் செய்தாள் என்று. இதற்குத்தான் பட்டியலில் பெயர்.

கண்ணில் தண்ணீர் வந்தது. வெயிலுக்கு வந்த தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சார் திரும்பிக் கேட்டார். "என்ன வேலாயுதம், தெரியுதா?"

"மரம் தெரியுது சார்."

வகுப்பு சிரித்தது. சார் முகம் சிவந்துவிட்டது. கேலி பண்ணுகிறேன் என்று நினைத்தார். சாக்பீஸை மேசையில் போட்டார். அப்பனும் மகளும் ஒரே மாதிரி என்றார்.

எழுந்து நின்றேன். கோபம் வந்தது. யார்மேல் என்று அந்த நேரம் தெரியவில்லை. ஆனாலும் பையத்தான் சொன்னேன்.

"சார், இது போர்டு பெயிண்ட் இல்ல. கேட்டுக்கு அடிக்க பெயிண்ட். தெரிஞ்சே அடிச்சேன். தப்பு என்மேல. நீங்க ஒரு நிமிசம் இங்கன வந்து உக்காருங்க."

வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தார். அந்தப் பக்கம் அவர் நடந்து வருவதைப் பிள்ளைகள் அதிசயமாகப் பார்த்தார்கள். நான் எழுந்த இடத்தில் உட்கார்ந்தார்.

வெளியே காற்று அடித்தது. போர்டில் மரம் ஆடியது.

வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, ஒங்களுக்குச் சொல்ல வாயில்லையா?"

இசக்கிக்கு முன்னால் இருந்த பிள்ளைதான் சொன்னாள்.

"சொன்னோம் சார். படிக்கணும்னு நெனப்பு இருந்தா தெரியும்னு சொன்னீய."

அவர் மறுபடியும் போர்டைப் பார்த்தார். மணி அடித்தது.

உப்புத்தாள்

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு அந்தப் போர்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். மினுக்கம் போக வேண்டும். கருப்புத் தூள் பறந்து மூக்கு, வாய் எல்லாம் ஏறியது. தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. இருக்கட்டும் என்று தேய்த்தேன். என்னை நானே அடித்துக்கொள்ள அதைவிட நல்ல வழி தெரியவில்லை.

பாதியில் தலைமை ஆசிரியர் வந்துவிட்டார். புது போர்டை யாரைக் கேட்டுக் கெடுக்கிறீர் என்று சத்தம் போட்டார். வாசலில் நின்ற கணக்கு சார்தான், தேய்க்கட்டும் சார் என்றார். ரெண்டு பேரும் வெளியே போய் வெகு நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அந்த டைப் அடித்த தாளை மறுபடி யாரும் என்னிடம் நீட்டவில்லை. மற்ற ஆறு பேரையும் கேட்கவில்லை.

மறுநாள் சரியான பெயிண்ட் வாங்கி அடித்தேன். இந்தத் தடவை காய்ந்ததும் ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து பார்த்தேன்.

சாரிடம் ஒன்று கேட்டேன். நீங்கள் எழுதிய அந்தத் தாளை மாற்றி எழுதுவீர்களா என்று.

"அது போயிட்டு வேலாயுதம்."

போய்விட்டது. போர்டு மிக நன்று, பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று ஒரு தாள். போர்டு தெரியவில்லை, ஆர்வம் மிக நன்று என்று ஒரு தாள். அந்த ரெண்டாவது தாளாவது போனதா என்று எனக்குச் சந்தேகம். போயிருந்தாலும் அங்கே யாரோ ரெண்டையும் கூட்டி ரெண்டால் வகுத்திருப்பார்கள். பரவாயில்லை என்று வந்திருக்கும். ஒரு ஆள் வந்து உட்கார்ந்து பார்த்திருந்தால் முடிந்திருக்கும் காரியம்.

அந்த ஏழு பேரில் ஆறு பேர் பரீட்சையில் தேறினார்கள். இசக்கி கணக்கில் நல்ல மார்க். ஏழாவது பிள்ளை பரீட்சைக்கு வரவில்லை. அவள் வீட்டில், படிப்பு ஏறாது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்களே என்று, அதற்குள் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிய சொல்லை மட்டும் யாரும் திரும்ப வாங்கவில்லை.

ரிசல்ட் அன்றைக்கு சார் எனக்குக் கை கொடுத்தார். பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். "கடைசி நேரத்துல இந்தப் புள்ளைகளுக்கு ஒரு ஆர்வம் வந்துட்டு, பாத்துக்கிடுங்க."

நல்ல மனுஷன். கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்த மனுஷன். அவர் வாயிலேயே அப்படித்தான் வந்தது.

ஆர்வம் வரவில்லை. போர்டு தெரிந்தது. அவ்வளவுதான் நடந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

அந்த மூன்று பள்ளிக்கூடம் பாக்கி இருந்தது. நான் பெருமையாக எனாமல் அடித்த இடம்.

உப்புத்தாளும் பெயிண்டும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் இடத்தில் நான் கேட்டதும் டீச்சரம்மா உள்ளே விட்டுவிட்டார்கள். அவர்களே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, தலையில் கை வைத்தார்கள். ரெண்டாம் இடத்தில் மறுநாள் வரச் சொன்னார்கள். போய்த் தேய்த்தேன்.

மூன்றாவது இடத்தில் கேட்டைத் திறக்கவில்லை. போர்டு நல்லாத்தானே இருக்கு, எங்கள் ஆசிரியர்கள் யாரும் குறை சொல்லவில்லையே என்றார்கள். பிள்ளைகளைக் கேட்டீர்களா என்றேன். அதற்கு, எதுவானாலும் எழுதிக் கொண்டுவா என்றார்கள்.

கேட்டுக் கம்பி வழியே பார்த்தேன். அந்தக் கம்பிக்கும் என் கருப்புதான். தூரத்தில் ஒரு வகுப்பு தெரிந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை தலையை இடப்பக்கம் சாய்த்தது. பிறகு வலப்பக்கம் சாய்த்தது. பிறகு குனிந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து இசக்கியிடம் மனு எழுதச் சொன்னேன். அவள் அப்போது பதினொன்றாவது. அந்த அடிக்குப் பிறகு தேவைக்கு மட்டும்தான் என்னிடம் பேசுவாள். இன்றைக்கும் அப்படித்தான். அதற்கு உப்புத்தாள் இல்லை.

என்ன எழுத என்று கேட்டாள்.

"அன்னைக்கு எழுதுனியே, அதையே எழுது."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்தாள். எழுதி என் முன்னால் நகர்த்தினாள்.

கடைசி பெஞ்சில் இருந்து போர்டு தெரியவில்லை. வந்து உட்கார்ந்து பார்க்கவும்.

கீழே என் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாதம் ஒரு தடவை போய்க் கேட்கிறேன். பதில் இல்லை.

உப்புத்தாள் பையில்தான் இருக்கிறது.